‘கஸ்டடி’ என்றால் எப்போதும் காவல்தானா?

கேள்வி: எங்கள் சங்கத்தின் விதிமுறைகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி வருகிறேன். ஆவணங்கள் அனைத்தும் செயலாளரின் ‘கஸ்டடி’யில் இருக்கும் என்று ஒரு விதி சொல்கிறது. ‘செயலாளரின் காவலில் இருக்கும்’ என்று எழுதினேன். படித்தவர்கள், ‘ஆவணங்களைக் கைது செய்துவிட்டீர்களா?’ என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். எப்படி எழுதுவது?

பதில்: சிரித்தவர்கள் சிரிக்கட்டும், நீங்கள் பொருளைத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. ‘கஸ்டடி’யின் மூலம் ‘கஸ்தோஸ்’ என்னும் லத்தீன் சொல்; அதற்குக் காவலன், காப்பவன் என்று பொருள். நம் ‘காவல்’ என்பதும் ‘கா’ என்னும் வினையடியிலிருந்து பிறந்து, களஞ்சியத்தைக் காப்பதையும் கைதியைக் காப்பதையும் ஒருங்கே குறித்த சொல்தான். ஆனால் நாளிதழ்களில் ‘காவலில் வைக்கப்பட்டார்’ என்று நாள்தோறும் படித்துப் பழகிய கண்ணுக்கு, ‘காவலில்’ என்ற உருவம் சிறைவாசலையே காட்டுகிறது.

ஆங்கிலச் சொல்லில் அந்த இரு பொருள்களும் இன்றுவரை உயிரோடு இருக்கின்றன. ஆளைப் பற்றி வந்தால் பெரும்பாலும் தடுப்புக்காவல்; பொருளைப் பற்றி வந்தால் பாதுகாப்புப் பொறுப்பு. மணமுறிவு வழக்கில் குழந்தையைப் பற்றி வரும்போது, ஆளே ஆனாலும் தடுத்துவைத்தல் என்ற பொருள் இல்லை. வளர்க்கும் பொறுப்பும் உரிமையும் மட்டுமே உண்டு. இந்த இடத்தில் சொல்லின் சிறைவாடை சட்டத்துறையினரையே உறுத்தியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்; இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் ‘கஸ்டடி’ ஆணைகளைக் கைவிட்டு, குழந்தை யாருடன் வசிக்கும் என்பதைக் குறிக்கும் ‘ரெசிடென்ஸ்’ ஆணையைக் கொண்டுவந்தது.

உங்கள் விதிக்கு வருவோம். ‘செயலாளர் வசம் இருக்கும்’ என்று எழுதலாமே என்று தோன்றும். பேச்சில் அது இயல்பாக ஒலிக்கும் என்றாலும், ‘வசம்’ என்பது பொருள் யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். காணாமற்போனால் யார் பதில் சொல்வது என்பதைச் சொல்லாது. ‘கஸ்டடி’யின் உயிர்நிலை அந்தப் பதில்சொல்லும் கடமைதான். வைத்திருப்பவர் உடைமையாளர் அல்லர். பிறருக்குரியதைப் பேணி, கேட்டபோது கணக்குக் காட்ட வேண்டியவர். இதற்கு மிக நெருங்கிய பழஞ்சொல் ‘அடைக்கலப்பொருள்’ என்பதில் உள்ள ‘அடைக்கலம்’. ஆனால் இன்று அது தஞ்சம் புகுந்த ஆளையே நினைவூட்டும் என்பதால் விதிமுறைக்கு ஒத்துவராது. ஆகவே, ‘ஆவணங்கள் அனைத்தும் செயலாளரின் பொறுப்பில் பாதுகாக்கப்படும்’ என்று எழுதுங்கள். ஒரு சொல்லுக்கு இரண்டு சொற்கள் செலவாகின்றன; இரண்டுமே வேண்டும்.

ஆங்கில மூலத்தையும் நீங்களே திருத்துவதாயின் ஒன்றைக் கவனியுங்கள். இச்சொல்லுக்கு முன் ‘அண்டர்’ போடுவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. அகராதிகள் காட்டும் வழக்கு ‘இன்’. காவலுக்குள் கொண்டுசெல்லும் செயலைச் சொல்லும்போது மட்டும் அது ‘இன்டு’ ஆகும். இப்பொருள்களில் இது எண்ணப்படாப் பெயர்ச்சொல் என்பதால், பத்து ஆவணங்கள் இருந்தாலும் பன்மை விகுதி சேராது.