ஓடும்போது ஒன்றும் இல்லை, நின்றதும் இருமல்: ஓட்டத்தை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. பள்ளி அணியில் 800 மீட்டர் ஓடுகிறாள். ஓடி முடித்த கொஞ்ச நேரத்தில் வறட்டு இருமல் தொடங்குகிறது, நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிறது என்கிறாள். அரை மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடுகிறது. பயிற்சியாளர் ‘ஸ்டாமினா போதவில்லை’ என்கிறார். மருத்துவரோ ஸ்டெத் வைத்துப் பார்த்துவிட்டு நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார். ஓட்டத்தை நிறுத்திவிடலாமா?

பதில்: நிரந்தரமாக நிறுத்த வேண்டிய அவசியம் வராது என்றே நினைக்கிறேன். நீங்கள் எழுதியதில் ‘ஓடி முடித்த கொஞ்ச நேரத்தில்’ என்பதுதான் எனக்கு முக்கியம். ஸ்டாமினா இல்லாதவருக்கு ஓடும்போதே மூச்சு வாங்கும், நின்றால் நிமிடத்துக்கு நிமிடம் தணியும். உங்கள் மகளுக்கு நின்ற பிறகுதான் ஏறுகிறது. உடற்பயிற்சியால் மூச்சுக்குழாய் சுருங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: நின்றபின் 5 முதல் 15 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், 30 முதல் 90 நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

ஏன் அப்படி? சும்மா உட்கார்ந்திருக்கும்போது வளர்ந்த ஒருவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று இழுப்பார், மூக்கு அதைச் சூடாக்கி ஈரமாக்கி உள்ளே அனுப்பிவிடும். வேகமாக ஓடும்போது இது பத்து மடங்கு வரை, பயிற்சி உள்ளவர்களுக்கு அதற்கும் மேலே போகும். மூக்கு போதாமல் வாயால் மூச்சு விடுகிறோம், அந்த உலர்ந்த காற்றை ஈரமாக்கும் வேலை முழுக்க மூச்சுக்குழாய்களின் தலையில் விழுகிறது. அவற்றின் உள்சுவரில் இருக்கும் மெல்லிய நீர்ப்படலம் வற்றி அதில் உப்பின் அடர்த்தி கூடுகிறது, அது அங்குள்ள மாஸ்ட் செல்களை (ஒவ்வாமையில் பங்குபெறும் செல்கள்) தூண்டிவிட, அவை ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன் போன்ற பொருட்களைக் கொட்ட, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகிவிடுகிறது. குளிரான, உலர்ந்த காற்றில் ஓடினால் தொல்லை அதிகமாவது இதனால்தான். ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இது வரும், ஆஸ்துமாவே இல்லாதவர்களுக்கும் வரலாம்.

மருத்துவர் சொன்னதிலும் தவறில்லை. இது ஓய்வில் இருக்கும்போது ஸ்டெத்தில் பிடிபடாத தொல்லை. ஆனால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். நுரையீரல் மருத்துவரிடம் ‘ஓடவிட்டுச் செய்யும் ஸ்பைரோமெட்ரி (ஊதச் சொல்லி மூச்சை அளக்கும் சோதனை) வேண்டும்’ என்று கேளுங்கள். முதலில் ஊதச் சொல்லி அளந்துகொண்டு, 6 முதல் 8 நிமிடம் நன்றாக இதயம் துடிக்கும்படி ட்ரெட்மில்லில் ஓடவைத்து, நின்றபின் 5, 10, 15, 30 நிமிடங்களில் திரும்பத் திரும்ப ஊதச் சொல்வார்கள். முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவு 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் மூச்சுக்குழாய் சுருங்குவது உறுதி. அறிகுறியை மட்டும் வைத்து இன்ஹேலரை வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருப்பது எனக்குச் சம்மதமில்லை, அளந்து பார்க்க வேண்டும். போகும்போது, ஓடி முடித்தபின் அவள் இருமுவதை போனில் வீடியோ எடுத்துக் கொண்டுபோங்கள், பல நேரம் பாதி விஷயம் அதிலேயே புரிந்துவிடும்.

இதோடு குழம்பக்கூடிய ஒன்று உண்டு. சில பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பதின்வயதுப் பெண்களுக்கு, உச்ச வேகத்தில் குரல்வளை சுருங்கும். அதில் மூச்சை உள்ளே இழுக்கும்போது ‘கர்’ என்று சத்தம் வரும், இறுக்கம் தொண்டையில் இருக்கும், ஓட்டத்தை நிறுத்திய சில நிமிடங்களில் விட்டுவிடும், இன்ஹேலர் அடித்தாலும் பலன் இருக்காது. அதற்கு மூச்சுப் பயிற்சிதான் முக்கியமான சிகிச்சை. அப்புறம் இன்னொன்று: ஓடும்போதே மயக்கம், நெஞ்சுவலி, படபடப்பு இருந்தால் மட்டும் இதயத்தைப் பரிசோதிக்கும் வரை ஓடவிடாதீர்கள்.

சரி, மூச்சுக்குழாய்தான் சுருங்குகிறது என்று உறுதியானால்? ஓடுவதற்கு 10, 15 நிமிடம் முன்பு, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்ப்யூட்டமால் இன்ஹேலர் 2 பஃப், ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) வைத்து. 2 முதல் 4 மணி நேரம் காக்கும். ஆனால் தினமும் பயிற்சி, தினமும் பஃப் என்று போனால் அதன் பாதுகாப்பு மெல்ல மெல்லக் குறைந்துவிடும். ஆஸ்துமாவும் சேர்ந்திருந்தால் 12 வயதுக்கு மேல் சால்ப்யூட்டமாலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று 2019 முதலே சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டுதல் சொல்கிறது. உள்ளே இருக்கும் அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் வேண்டும். ஸ்டீராய்டு என்றதும் பயந்துவிடாதீர்கள், இது மைக்ரோகிராம் கணக்கில் நேராக நுரையீரலுக்குப் போகும் மருந்து. அடித்தபின் வாயைக் கொப்பளித்தால் போதும். பலன் தெரியச் சில வாரம் ஆகும், இரண்டு நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடக் கூடாது. மான்டிலூகாஸ்ட் மாத்திரையும் சிலருக்குக் கொடுப்பார்கள். அதைத் தொடங்கினால் தூக்கம், மனநிலை மாறுகிறதா என்று கவனியுங்கள், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் இதுபற்றிக் கடும் எச்சரிக்கை விடுத்திருக்கிறது.

மருந்தில்லாமல் உதவுவது வார்ம்-அப். 10, 15 நிமிடம் மெதுவாக ஓடி, நடுநடுவே சில விநாடி வேகமெடுக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதன்பின் ஓரிரு மணி நேரம் குழாய்கள் அவ்வளவாகச் சுருங்காது. குளிர்காற்றில் ஓடினால் மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடிக்கொள்ளலாம். சளி, காய்ச்சல் இருக்கும் நாளில் கடும் பயிற்சி வேண்டாம்.

2003இல் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடிப் பெண்கள் உலக சாதனை படைத்த பவுலா ராட்கிளிஃபுக்கு இந்தத் தொல்லை சிறுவயதிலிருந்தே உண்டு. இதை மகளிடம் சொல்லுங்கள், பயிற்சியாளரிடமும்.

இன்ஹேலர் வீட்டு அலமாரியில் இல்லாமல் மைதானத்தில், அவள் பையில் இருக்கட்டும். பஃப் கொடுத்தும் அடங்கவில்லை, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது என்றால் படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்காரவைத்து, ஒவ்வொரு பஃப்பாகக் கொடுத்தபடியே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். இதைப் பயிற்சியாளருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.