ஓடு உரிகிறதே, நோயா?

குளத்து ஆமை பகலெல்லாம் கல்லின் மேலேயே கிடக்கிறது, ஓட்டிலிருந்து தகடு தகடாக உரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். பயப்பட வேண்டாம், இரண்டும் அதன் இயல்புதான். ஆமைக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். வெயில் காய்ந்தால்தான் தின்றது ஒழுங்காகச் செரிக்கும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டு வைட்டமின் டி உருவாகி, ஓடும் உறுதிப்படும். (மூடிய கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் அந்தப் பலன் கிடைக்காது.) பின்னங்கால்களை விரித்து நீட்டிக் கிடந்தால் சுகமாகக் காய்கிறது, அவ்வளவுதான்.

உரிந்த தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடித்தாள் போல மெல்லியதாக இருந்தால் சரி, வளர்கிற ஆமை அப்படித்தான் கழற்றும். பாதி ஒட்டியிருப்பதை மட்டும் பிய்த்துவிடாதீர்கள். அடியில் ஓடு மெத்தென்று அமுங்கினாலோ, நாற்றமடித்தாலோ, நீந்தும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.