மறு: அப்பா சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார்

மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும் என்று வாட்ஸப்பில் வந்ததை நம்பி, அப்பா 2 மாதமாக மாத்திரையைத் தொடவில்லை என்கிறீர்கள். அந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. கிட்னி ஏற்கெனவே பழுதாகி இஜிஎஃப்ஆர் (கிட்னி ரத்தத்தை வடிகட்டும் அளவு) 30க்குக் கீழே போனால் டாக்டரே நிறுத்திவிடுவார். அதுதான் தலைகீழாகத் திரிந்துவிட்டது. கிட்னியைத் தின்பது கட்டுப்படாத சர்க்கரை.

என் மாமாவும் இப்படித்தான் ஆவாரம்பூப் பொடிக்கு மாறினார். செருப்பு கடித்த புண் ஆறவே இல்லை, கட்டைவிரலை எடுத்தார்கள். நாங்கள் சண்டை போட்டதில் அவருக்கு வீம்புதான் கூடியது.

அதனால் வாதாடாதீர்கள். இந்த வாரமே எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரை), கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), சிறுநீரில் அல்புமின் (கிட்னி பழுதானால் கசியும் புரதம்) மூன்றும் பாருங்கள். ரிப்போர்ட்டை அவர் கையிலேயே கொடுத்து, டாக்டரிடம் அவரையே கேட்கச் சொல்லுங்கள். நடுவில் கடும் தாகம், வாந்தி, மயக்கம் வந்தால் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.