போலிக் காடும் பதினைந்து வயதுப் பையனும்

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரைகளைப் பல வருடங்களாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை. வட கரோலினாவில் இருக்கிறோம். மகனுக்கு நாலு வயதாக இருந்தபோது ஃப்ளோரிடாவில் டிஸ்னியின் ஃபோர்ட் வில்டர்னஸ் முகாமில் டென்ட் போட்டுத் தங்கினோம். அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் என் வாழ்க்கையில் குறைவு. பக்கத்து ஆர்.வி.யில் (படுக்கையும் சமையலும் உள்ள வண்டி) இருந்த ஒரு பெரியவர் என் மகனுக்கு மார்ஷ்மெல்லோ கருகாமல் சுடக் கற்றுக்கொடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இப்போது அவனுக்குப் பதினைந்து. வரும் ஏப்ரல் விடுமுறையில் திரும்பப் போகலாம் என்று பேச்சை எடுத்தது நான்தான். அதே லூப்பில் (டென்ட் இடங்கள் வரிசையாக இருக்கும் வளையப் பாதை), முடிந்தால் அதே இடத்தில் டென்ட் போட வேண்டும் என்று எனக்கு ஆசை. மனைவி கேபின் என்கிறாள். மகன், கோல்ஃப் கார்ட் ஓட்டக் கொடுத்தால் வருகிறேன் என்கிறான். விசாரித்தால் பழைய கேபின்கள் இல்லையாம், டிரெய்ல்ஸ் எண்ட் உணவகத்தில் பஃபே இல்லையாம், ஏரிக்கரையில் பெரிய ஹோட்டல் கட்டுகிறார்களாம். கூட வேலை செய்யும் நண்பர், "அது போலிக் காடு, பிள்ளையை ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போ" என்று சிரிக்கிறார். அன்று செய்ததையெல்லாம் மறுபடி செய்ய மணிவாரியாக ஒரு அட்டவணை போட்டு இணைத்திருக்கிறேன். போகலாமா? டென்ட்டா, கேபினா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

டென்ட்டா கேபினா என்பதில் உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள். 2024 ஜூலையில் திறந்த புதுக் கேபின்களில் ஆறு பேர் தூங்கலாம், சமையலறை இருக்கிறது, டென்ட் இடத்தைவிடச் செலவு பல மடங்கு. அவ்வளவுதான் விஷயம். வீட்டில் உட்கார்ந்து பேசினால் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் நண்பரின் சிரிப்பால். இந்தப் "போலிக் காடு" என்கிற பேச்சைக் கொஞ்ச நாளாகவே எல்லோர் வாயிலும் கேட்கிறேன், கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. அவர் ஸ்மோக்கி மலையில் எங்கே தங்குவார்? எல்க்மான்ட் முகாமில் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடம் நூறு வருடத்துக்கு முன்னால் மரம் வெட்டும் கம்பெனியின் ஊர். மரம் இறக்க ரயில் பாதை போட்டு, மலைச்சரிவு சரிவாக வெட்டிக்கொண்டே போனார்கள். இன்றைய பூங்காவின் பெரும்பகுதி அப்படி மொட்டையான நிலம்தான். அதற்கும் முன்னால் அங்கே வாழ்ந்த செரோக்கி மக்களில் பெரும்பாலோரை 1838இல் ராணுவத்தை வைத்து மேற்கே விரட்டினார்கள். 1920களில் பூங்கா அமைக்க நிலம் வாங்க ஆரம்பித்தபோது, மலையில் குடியிருந்த விவசாயக் குடும்பங்களும் வெளியேற வேண்டியதாயிற்று, ராக்கஃபெல்லர் வீட்டுப் பணம் மட்டும் அதில் 50 லட்சம் டாலர். பூங்கா 1934இல் வந்தது. அரசாங்கம் வேலையில்லாத இளைஞர்களைக் கூட்டிவந்து பாதையும் பாலமும் போட வைத்தது. அழிந்துபோயிருந்த எல்க் மான்களை 2001இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். நான் அந்த மலையைக் குறைத்துப் பேசவில்லை, அதைப் பார்த்து மனம் நிறைந்து நின்றிருக்கிறேன். ஆனால் மனிதன் கை படாத காடு அங்கே இருக்கிறது, ஃப்ளோரிடாவில் இருப்பது பொம்மை என்று ஒருவர் சிரித்தால், அவருக்குத் தான் நிற்கிற மண்ணின் கதை தெரியாது.

ஃபோர்ட் வில்டர்னஸ் 1971 நவம்பர் 19 அன்று திறந்தது, பக்கத்தில் டிஸ்னியின் மேஜிக் கிங்டம் கேளிக்கைப் பூங்கா திறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சுமார் 750 ஏக்கர். அங்கே இருக்கும் பைன் மரத்தையும் சைப்ரஸையும் கிளையில் தொங்குகிற ஸ்பானிஷ் பாசியையும் யாரும் பிளாஸ்டிக்கில் செய்து வைக்கவில்லை. ஓரத்தில் இருக்கும் பே லேக் இயற்கையான ஏரி. அதை வடித்து அடியில் இருந்த சேற்றை அள்ளியபோது கீழே வெள்ளை மணல் கிடைத்தது, நீங்கள் உட்கார்ந்த கரையில் போட்டது அந்த மணல்தான். பக்கத்து செவன் சீஸ் லகூன்தான் வெட்டிய ஏரி. அந்தச் சதுப்பு நிலத்தில் தண்ணீர் நிற்கவும் வேண்டும், வெள்ளம் வரவும் கூடாது என்று நாற்பது மைலுக்கு மேல் கால்வாய் வெட்டியபோது, கோடு போட்டதுபோல நேராக வெட்டாமல் ஓடை மாதிரி வளைத்து வளைத்து வெட்டினார்கள். மரத்தின் மேல் இருந்த பாசத்தால் இதையெல்லாம் செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். 27,000 ஏக்கர் வாங்கிய கம்பெனி அது, ஆதாயம் பார்க்காமல் ஒரு கல்லை நகர்த்தியிருக்காது. ஆனால் ஆதாயத்துக்காக விட்டுவைத்த மரமும் மரம்தான், அதில் அணில் ஏறுகிறது, கீழே ஆர்மடில்லோ மண்ணைக் கிளறுகிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். மைனெக்கே என்று ஒரு மனிதர் இருந்தார், அமெரிக்க வனத்துறையில் தாவர நோய்களை ஆராய்ந்தவர். 1920களில் கார் மலிந்தபோது கலிஃபோர்னியாவில் ஜனங்கள் ராட்சத ரெட்வுட் மரங்களுக்கு நடுவே இஷ்டப்பட்ட இடத்தில் காரை ஓட்டிப்போய் இறங்கினார்கள். சக்கரமும் காலும் பட்டுப் பட்டு மண் இறுகி, வேர் மூச்சுவிட முடியாமல் மரம் நலிய ஆரம்பித்தது. மனிதர்களைத் துரத்தாமல் மரத்தைக் காப்பாற்றுவது எப்படி என்று அவர் உட்கார்ந்து யோசித்தார். ஒருவழியாகப் போகும் ஒடுங்கிய வளையப் பாதை, அதிலிருந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் சாய்வாகப் பிரியும் ஒரு கார் அளவு இடம், கார் அதைத் தாண்டாதபடி பாறையோ மரக்கட்டையோ, மேசை இங்கே, அடுப்பு இங்கே, டென்ட் இங்கே, இரண்டு குடும்பத்துக்கு நடுவே புதர் அப்படியே இருக்கட்டும். 1930களில் நாடு முழுக்க முகாம்களை இந்த மாதிரியில்தான் கட்டினார்கள். நீங்கள் தேடுகிற அந்த லூப் இதுதான். எல்க்மான்ட்டில் இருப்பதும் இதுதான். டிஸ்னி அதில் மின்சாரமும் ஏசி போட்ட குளியலறையும் சேர்த்தது, வரைபடம் மைனெக்கேயுடையது. உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். ஒரு முகாமை அசல் என்றும் அதன் உடன்பிறப்பைப் போலி என்றும் சொல்ல அவருக்கு என்ன நியாயம் இருக்கிறது?

மைனெக்கே மனதில் இருந்தது மர வேர்கள். ஆனால் அவர் வரைந்த வளையத்தில் நமக்கு இன்னொன்றும் கிடைத்துவிட்டது.

என் அம்மா முதல்முறை அமெரிக்கா வந்தபோது நாங்கள் அட்லாண்டாவுக்கு வெளியே ஒரு குடியிருப்பில் இருந்தோம். அழகான வீடுகள், வெட்டிவிட்ட புல், பகலில் ஒரு ஈ காக்காய் தெருவில் இருக்காது. கராஜ் கதவு திறக்கும், கார் உள்ளே போகும், கதவு மூடும். அம்மா ஜன்னல் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஏன்டி, இந்த ஊர்ல மனுஷங்க எங்கதான் இருக்காங்க?" என்று கேட்பார். என்னிடம் பதில் இருக்காது. அந்தக் குளிர்காலத்தில் அவரை ஃபோர்ட் வில்டர்னஸுக்குக் கூட்டிப்போனோம். சாயங்காலம் லூப்பில் இருந்த எல்லோரும் நாற்காலியை எடுத்து டென்ட்டுக்கும் வண்டிக்கும் முன்னால், பாதையைப் பார்த்தபடி போட்டு உட்கார்ந்தார்கள். நாயைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் நின்று பேசினார்கள். பிள்ளைகள் சைக்கிளில் சுற்றிச் சுற்றி வந்தார்கள். யார் வீட்டில் என்ன சமையல் என்று வாசனையிலேயே தெரிந்தது. அம்மாவுக்குத் திண்ணை கிடைத்துவிட்டது, தம்பி. பக்கத்து டிரெய்லரில் இருந்த அம்மாள் வருடா வருடம் குளிருக்கு அங்கே வந்து தங்குகிறவர், அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, இருவரும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாளே யாருக்கு முட்டிவலி, யாருடைய மகள் வரப்போகிறாள் என்று அம்மா எனக்குச் சொல்கிறார். ஒரு நாள் எங்களோடு மேஜிக் கிங்டத்துக்கு வந்து கோட்டையைப் பார்த்தார், நல்லாயிருக்கு என்றார். அடுத்த நாள், "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்றுவிட்டார்.

ஏன் அங்கே இது நடக்கிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். வேலி கிடையாது. முகப்பு எல்லாம் பாதையைப் பார்த்து இருக்கிறது. காரை உங்கள் இடம் வரைக்கும் கொண்டுபோகலாம், அதற்குப் பிறகு முகாமுக்குள் ஊர்சுற்றக் காரை எடுக்க முடியாது, பஸ்ஸோ சைக்கிளோ காலோ கோல்ஃப் கார்ட்டோதான். கார் நின்றால் மனிதன் கண்ணில் படுகிறான். இந்த நாட்டில் நம்மவர்கள் முப்பது வருடக் கடன் போட்டு வாங்கும் வீடுகளில் இல்லாதது இது. நல்ல பள்ளிக்கூடம் பார்த்து வாங்குகிறோம், வாசலில் நாற்காலி போட்டால் யாராவது நிற்பார்களா என்று யாரும் பார்ப்பதில்லை. அப்புறம் பிள்ளைகள் அறைக்குள்ளேயே கிடக்கிறார்கள் என்று வருத்தப்படுகிறோம். வெளியே என்ன இருக்கிறது, அவர்கள் வர?

இப்போது உங்கள் அட்டவணைக்கு வருகிறேன். முழுவதும் படித்தேன். காலை ஆறரைக்கு எழுந்திருப்பதில் ஆரம்பித்து இரவு பத்து வரை கட்டம் கட்டியிருக்கிறீர்கள், அதில் முகாமில் இருக்கும் நேரம் தூங்குகிற நேரம் மட்டும். பஃபே போனதற்கும் கேபின் மாறியதற்கும் துக்கம் சொல்கிறீர்கள். அந்த முகாமில் ஒரு காலத்தில் நீராவி ரயிலே ஓடியது, 1974இல் விட்டு, சத்தம், தண்டவாளக் கோளாறு, வழியில் தண்ணீரும் எரிபொருளும் நிரப்பவேண்டிய தொல்லை என்று 1980இல் நிறுத்திவிட்டார்கள். 1976இல் திறந்த ரிவர் கன்ட்ரி நீர்ப்பூங்கா 2001க்குப் பிறகு திறக்கவேயில்லை, நீங்கள் சொல்லும் ஹோட்டல் எழுவது அந்த இடத்தில்தான். நீங்கள் முதல்முறை போனபோது இவை எதுவும் இல்லை. உங்களுக்கு எதுவும் குறையாகத் தெரிந்ததா? உங்கள் கடிதத்தில் அந்தப் பயணத்திலிருந்து நீங்கள் சொல்லும் ஒரே காட்சி அந்த மார்ஷ்மெல்லோ பெரியவர். அவர் எந்த அட்டவணையில் இருந்தார்? நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் வந்தார். அந்த நேரத்தை முழுக்கத் துடைத்துவிட்டுப் பழைய சந்தோஷம் திரும்ப வேண்டும் என்கிறீர்கள்.

கோபப்படாதீர்கள், இன்னும் ஒன்று இருக்கிறது. நாலு வயதுப் பிள்ளை உங்களுக்கு வேண்டியிருக்கிறது. எனக்குப் புரிகிறது, என் பிள்ளைகளும் வளர்ந்து போய்விட்டார்கள், அந்தச் சின்னக் கை விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தது உடம்பிலேயே இருக்கிறது. ஆனால் பதினைந்து வயதுப் பையனை அழைத்துப்போய், "இங்கேதான் நீ அழுதாய், இங்கேதான் நீ சிரித்தாய்" என்று இடம் இடமாகக் காட்டிக்கொண்டு வந்தால், அவன் காதில் என்ன விழும்? இப்போது இருக்கிற நீ வேண்டாம், அந்தப் பழைய பிள்ளைதான் வேண்டும் என்று விழும். அவன் பேரம் பேசுவதை நீங்கள் அலட்சியமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் சந்தோஷம். வரமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொள்ளாமல், எனக்கு அங்கே செய்ய ஒன்று கொடு என்று கேட்கிற பிள்ளை அவன்.

கோல்ஃப் கார்ட் கொடுக்க முடியாது. ஓட்ட 16 வயதும் ஓட்டுநர் உரிமமும் வேண்டும் என்பது விதி, கெஞ்சிப் பயனில்லை. ஒரு சைக்கிள் கொடுங்கள். வீட்டில் இருப்பதையே வண்டிப் பின்னால் மாட்டிக்கொண்டு போகலாம். காலையில் எழுந்ததும் அவன் கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து, சாப்பாட்டு நேரத்துக்கு வந்தால் போதும் என்று அனுப்பிவிடுங்கள். ஏரிக்கரை வரை போகட்டும், மேஜிக் கிங்டத்தில் டிராலி இழுக்கும் குதிரைகளின் லாயம் அங்கேதான் இருக்கிறது, போய்ப் பார்க்கட்டும், வழி தவறி வேறு லூப்பில் நுழைந்து யாரிடமாவது கேட்டுத் திரும்பி வரட்டும். உங்கள் ஊரில் காரில் கொண்டுபோய் விடாமல் அவனால் எங்கேயாவது போக முடியுமா? பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் செய்து எங்கே இருக்கிறாய் என்று கேட்காதீர்கள். அவன் போனபிறகு நீங்களும் மனைவியும் வாசலில் நாற்காலி போட்டு உட்காருங்கள், நடந்து போகிறவர்களுக்கு முதலில் நீங்கள் வணக்கம் சொல்லுங்கள். சாயங்காலம் டிஸ்னியின் கார்ட்டூன் அணில்கள் சிப் அண்ட் டேல் வரும் கேம்ப்ஃபயர் பாட்டுக்கு அவன் வரவில்லை என்றால் விட்டுவிட்டு நீங்கள் இருவரும் போங்கள்.

முன்பதிவை இந்த வாரமே செய்துவிடுங்கள். ஏப்ரல் விடுமுறைக்கு இடம் சீக்கிரம் போய்விடும், அதே இடம்தான் வேண்டும் என்று காத்திருந்தால் எதுவும் கிடைக்காது. எந்த லூப் வேண்டும் என்று இந்த முறை பையனைக் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா