திருப்பூர் வதந்தியும் நம் கைப்பேசியும்: கேள்வி பதில்

பின்னலாடை நிறுவன மேற்பார்வையாளர், திருப்பூர்: 2023 மார்ச்சில் எங்கள் பீகார்த் தொழிலாளர்கள் திடீரென்று மூட்டை கட்டினார்கள். இங்கே யாரும் அவர்களைத் தொடவில்லை. பிறகு எப்படி நம்பினார்கள் ஐயா?

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழ்நாட்டில் பீகாரிகளைக் கொல்கிறார்கள் என்று பரவிய காணொளிகளில் இரண்டைப் பற்றிக் காவல்துறைத் தலைவர் அப்போதே விளக்கினார். ஒன்று பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல். மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கு இடையிலான தகராறு. ஆனால் அதற்குள் செய்தி கைப்பேசியிலிருந்து இந்திப் பத்திரிகைக்கும், அங்கிருந்து பீகார் சட்டமன்றத்துக்கும் போய்விட்டது. காணொளியைச் சந்தேகப்பட்டவர்கூட, பத்திரிகையில் வந்ததும் சந்தேகத்தை விட்டிருப்பார். வதந்திக்கு முத்திரை குத்திக் கொடுத்தவை நாம் நம்பும் நிறுவனங்கள்தான். என் கோபமெல்லாம் அங்கேதான். ஹோலிக்கு வழக்கமாக ஊர் போகும் கூட்டமும் அந்த நாட்களில் உயிருக்குப் பயந்து ஓடுவதாகத் தெரிந்தது.

தமிழ் நாளிதழில் வந்த மறுப்பு, தமிழ் படிக்கத் தெரியாத தொழிலாளிக்கு எப்படிப் போய்ச் சேரும்? அதிகாரிகள் இந்தியில் பேசினார்கள், உதவி எண்களை அறிவித்தார்கள். பீகார் அரசு அனுப்பிய குழுவும் நேரில் வந்து பார்த்தது. அதன் பிறகுதான் பதற்றம் தணிந்தது.

கல்லூரி மாணவி, மதுரை: பொய்தான் வேகமாகப் பரவும் என்கிறார்களே, உண்மையா?

ட்விட்டரைப் பொறுத்தவரை ஆம். 2006 முதல் 2017 வரையிலான பதிவுகளை ஆராய்ந்து 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு அதைக் காட்டியது. பொய் அப்படி முந்தியதற்குக் காரணம் பெரும்பாலும் மனிதர்களே, தானியங்கிக் கணக்குகள் அல்ல.

ஓய்வுபெற்ற ஆசிரியர், போளூர்: வாட்ஸ்அப்பில் ஃபார்வர்ட் செய்யக் கட்டுப்பாடு வந்ததால் பயன் உண்டா?

உங்கள் ஊர்ப் பக்கம் 2018 மே மாதம் நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. கோயிலுக்கு வந்த சென்னை மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று சந்தேகித்து அடித்தே கொன்றுவிட்டார்கள். நாட்டின் பல இடங்களில் இப்படி நடந்த பிறகு, அந்த ஜூலையில் இந்தியாவில் ஒரு தகவலை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாது என்றாக்கினார்கள். 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய தகவலை ஒரு உரையாடலுக்கு மட்டுமே ஒரு நேரத்தில் அனுப்பலாம் என்று இறுக்கினார்கள். வேகம் குறையும், பயன்தான். ஆனால் குழுவுக்குள் என்ன ஓடுகிறது என்று வெளியாருக்குத் தெரியாது. பொய்யைப் பொய் என்று அங்கேயே சொல்ல, குழுவில் உள்ளவர்தான் வாய் திறக்க வேண்டும்.

வழக்கறிஞர், திருச்சி: அரசே பொய்ச் செய்தியை அடையாளம் காட்டினால் என்ன?

ஆதாரத்தோடு மறுக்கட்டும், அது அரசின் கடமை. ஆனால் தன்னைப் பற்றிய செய்தியில் எது பொய் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அரசிடம் இருக்கக் கூடாது. ஒன்றிய அரசு 2023இல் அப்படி ஒரு விதியைக் கொண்டுவந்தது. 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பொய்ச் செய்திகளைக் கண்டறியத் தமிழ்நாடு அரசு அமைத்த தகவல் சரிபார்ப்பகத்துக்கும் இதே அளவுகோல்தான்.

இல்லத்தரசி, கும்பகோணம்: குடும்பக் குழுவில் என் மாமனார் கண்டதையும் அனுப்புகிறார். எப்படிச் சொல்வது?

குழுவில் எல்லோர் முன்பும் திருத்தாதீர்கள் அம்மா. மனம் புண்பட்டால் பிடிவாதம்தான் கூடும். தனியாக இருக்கும்போது, “மாமா, இது எந்த ஊரில், எந்தத் தேதியில் நடந்ததாம்?” என்று மட்டும் கேளுங்கள்.