பாடம் நடத்தத்தானே சம்பளம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கல்லூரிகளில் நடக்கும் ஆராய்ச்சியைப் பற்றிப் போன இதழில் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆற்காடு முழுவதிலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் இடமில்லை, ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

குடியாத்தத்திலிருந்து ஒரு தகப்பனார்: "நான் கைத்தறி நெசவாளி. மகன் வேலூரில் பி.எஸ்சி. மூன்றாம் வருடம் படிக்கிறான். 'பேப்பர் எழுதணும்' என்று சொல்லி அவனுடைய பேராசிரியர் பாதி நாள் வகுப்புக்கே வருவதில்லையாம். நான் கட்டுகிற பீஸ் பாடம் நடத்தத்தானே? ஆராய்ச்சியை அதற்கென்று இருக்கிற இடத்தில் போய்ச் செய்துகொள்ளக் கூடாதா?"

ஐயா, வகுப்புக்கு வராதது தப்பு. எந்த ஆராய்ச்சியும் அதற்குச் சாக்காக முடியாது. துறைத் தலைவரை நேரில் பார்த்துக் கேளுங்கள், உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. ஆனால் உங்கள் இரண்டாவது கேள்வி வேறு. அதற்கு என் சொந்த அனுபவத்திலிருந்துதான் பதில் சொல்ல முடியும்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் வேதியியல் நடத்தியவன். முதல் சில வருடங்கள் குரோமியம் பாடத்தை, புத்தகத்தில் இருக்கிறதை அப்படியே கரும்பலகையில் எழுதிப்போட்டு முடித்துவிடுவேன். பிள்ளைகளும் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையில் வாந்தி எடுப்பார்கள். ஒருநாள் ராணிப்பேட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "சார், இது ஏன் மஞ்சளா இருக்கு?" என்று கேட்டான். கொஞ்சம் அமிலம் விட்டு, டைபினைல் கார்பசைடு கரைசலை நாலு சொட்டு விட்டேன். சோதனைக் குழாய் முழுக்கச் செவ்வூதாவாகிவிட்டது. ஆறு இணைதிற குரோமியம், அதாவது விஷமான வகை. பின்பெஞ்சு வரைக்கும் எழுந்து வந்து பார்த்தார்கள். அப்போது அந்தப் பையன் அடுத்த கேள்வியைக் கேட்டான்: "தோல் ஷாப்புல போடுற குரோமும் இதுவும் ஒண்ணா சார்?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு வாரம் நூலகத்தில் உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் வகுப்பில் விளக்கினேன். தோல் பதனிடப் போடுவது மூன்று இணைதிற வகை, அது இந்தச் சோதனையில் நிறம் காட்டாது, இந்த மஞ்சள் குரோமேட் தயாரிப்புக் கழிவிலிருந்து மண்ணுக்குள் இறங்கி வருவது என்று. அந்த வாரத்துக்குப் பிறகு நான் நடத்திய பாடம் வேறு பாடமாகிவிட்டது. ஒரு கேள்விக்குப் பின்னால் தானே ஓடிக்கொண்டிருக்கிற வாத்தியாருக்கும், இருபது வருடத்துக்கு முந்தைய நோட்ஸைப் படிக்கிற வாத்தியாருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். உங்கள் மகனுக்கு முதலாவது ஆள் கிடைக்க வேண்டும் என்றுதான் நான் ஆசைப்படுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலூரில் கஸ்பா, சின்ன அல்லாபுரம், ராமநாயக்கன்பாளையம் எல்லாம் பீடி சுற்றுகிற குடும்பங்கள் நிறைய இருக்கிற பகுதிகள். 2002 முதல் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் அங்கே பிறந்த 373 குழந்தைகளை மூன்று வயது வரை விடாமல் பின்தொடர்ந்தார்கள். களப்பணியாளர்கள் வாரம் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். வயிற்றுப்போக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலம் சேகரித்துப் பரிசோதிப்பார்கள். மூன்று வருடம் அதற்கு முகம் சுளிக்காமல் ஒத்துழைத்த அந்தத் தாய்மார்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

எதற்கு இவ்வளவு பாடு? வயிற்றுப்போக்கை உண்டாக்குகிற ரோட்டா வைரஸ் ஒரு குழந்தையை இரண்டு தடவை தொற்றிவிட்டால் அதற்குப் பிறகு கடுமையான வயிற்றுப்போக்கு வராது என்று அதற்கு முன் மெக்சிகோவில் செய்த ஆய்வு சொல்லியிருந்தது. நம் குழந்தைகளுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி இல்லை என்பது இந்த மூன்று பகுதிகளில்தான் தெரிந்தது. மூன்று தடவை தொற்றிய பிறகும் இங்கே 79 சதவீதப் பாதுகாப்புத்தான். 2011இல் இந்த முடிவு வெளியானது. இங்கே ஒரு தடுப்பு மருந்து எவ்வளவு வேலை செய்யும் என்று எதிர்பார்க்கலாம் என்பதே இதனால் மாறியது. அப்புறம் உள்நாட்டுச் சொட்டு மருந்தான ரோட்டாவாக்கைச் சோதித்த மூன்று ஊர்களில் டெல்லி, புனேயோடு வேலூரும் ஒன்று. 2016இல் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. இந்த வேலையை முன்னின்று செய்தவர்களில் ஒருவரான ககன்தீப் காங், லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராக 2019இல் தேர்வானார். இந்தியாவில் இருந்து பணியாற்றும் பெண்களில் அந்தப் பெருமையை முதலில் பெற்றவர் அவர்.

இப்போது சொல்லுங்கள், அந்தக் கல்லூரியில் குழந்தை மருத்துவம் படிக்கிற பிள்ளைக்கு வயிற்றுப்போக்குப் பாடத்தை யார் நடத்த வேண்டும்? கஸ்பா தெருவில் நடந்தவர் நடத்தினால் அந்தப் பிள்ளை எவ்வளவு கொடுத்துவைத்த பிள்ளை!

ஆலங்காயத்திலிருந்து ஒரு வாசகர்: "காவலூர் டெலஸ்கோப் எங்கள் ஊருக்குப் பக்கம்தான். யுரேனஸுக்கு வளையம் இருப்பதைப் பார்த்தார்கள் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அதனால் ஜவ்வாது மலைக்காரனுக்கு என்ன பிரயோஜனம்?"

சோற்றுக்குப் பிரயோஜனம் ஒன்றும் இல்லை, உண்மைதான். ஆனால் 1977 மார்ச் 10 ராத்திரி நடந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் யுரேனஸ் கடந்து போகிறது. அந்தக் கிரகத்தின் அளவையும் காற்று மண்டலத்தையும் தெரிந்துகொள்ளலாம் என்றுதான் உலகத்தில் பல இடங்களில் காத்திருந்தார்கள், காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் கண் வைத்திருந்தவர்களும் அப்படித்தான். கிரகம் வந்து மறைக்கும் முன்னாலேயே நட்சத்திரம் மங்கி மீண்டது. வளையத்தைத் தேடி யாரும் உட்காரவில்லை. இப்படி எதிர்பாராததைப் பிடிக்கிற ஆட்களும் கருவிகளும் ஒரு நாட்டில் தயாராக இருக்க வேண்டும் அல்லவா? 1968இல் அங்கே முதலில் வைத்தது 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி. 1986இல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி முழுக்க இந்தியாவில் வடிவமைத்துச் செய்தது, அதன் கண்ணாடியையும் பெங்களூரில் நம் ஆட்களே தேய்த்தார்கள். அந்தக் கைத்தொழிலைக் கற்றவர்கள் வேறு எத்தனையோ வேலைக்கும் உதவுவார்கள். ஒரு வேண்டுகோள்: பார்வையாளர்களை அனுமதிக்கிற நாளாகப் பார்த்து உங்கள் வீட்டுப் பிள்ளையை ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள்.

செய்யாறு பக்கத்து ஆராய்ச்சி மாணவி: "இரண்டு வருடமாக ஒரு தெருக்கூத்துக் குழுவோடு இருந்து, பாலாறு வறண்டதைப் பற்றி ஒரு புதிய கூத்துப் பிரதி எழுதி, மேடையும் ஏற்றினோம். 'இதெல்லாம் ஆராய்ச்சி ஆகாது, வேண்டுமானால் பின்னிணைப்பில் போடு' என்கிறார் கைடு. படைப்பு ஆராய்ச்சி ஆகாதா?"

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. உங்கள் கைடு சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை முதலில் பார்த்துவிடுவோம். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வருகிறவர் "இதில் நீ என்ன கண்டுபிடித்தாய்?" என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்குக் கூத்துப் பிரதி தானாக வாய் திறந்து பதில் சொல்லாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறதே! ராஜா வேஷத்துக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த நீளமான வரிகளைக் கூத்து வாத்தியார் வெட்டச் சொன்னதாகவும், உங்களுக்கு அது மனத்தாங்கலாக இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். புஜக்கட்டையும் கிரீடமும் கட்டிக்கொண்டு சுற்றி ஆடிவிட்டு நிற்கிறவருக்கு அந்த நீளம் மூச்சில் நிற்காது என்று அவர் சொன்னாராம். கட்டை எல்லாம் கல்யாண முருங்கையில் செய்தது, லேசானதுதான், ஆனாலும் விடிய விடிய அதைச் சுமந்து ஆடுகிற உடம்பு வேறு. அதே நீள வசனத்தை, அந்தப் பாரமெல்லாம் இல்லாமல் கேலி பேசிக் கதையை நடத்துகிற கட்டியங்காரனுக்குக் கொடுத்ததும் வாத்தியார் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டாராம். இதை விடவா ஒரு கண்டுபிடிப்பு வேண்டும்? கூத்தில் வரியின் நீளத்தை வேஷத்தின் பாரமும் மூச்சும் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்பது ஒரு கருத்து. பேட்டி எடுக்கப் போயிருந்தால் உங்களுக்கு இது கிடைத்திருக்காது. நீங்களே எழுதி, அவர் அதை வெட்டியதால்தான் கிடைத்தது.

அதனால் என் யோசனை இது. பிரதியைப் பின்னிணைப்பில் போடாதீர்கள், நடுவில் வையுங்கள். எந்தத் தேதியில் எந்த வரி மாறியது, யார் மாற்றச் சொன்னார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்று அத்தனையும் எழுதுங்கள், முதல் பிரதியையும் தூக்கிப் போடாமல் பக்கத்திலேயே கொடுங்கள். திரௌபதி அம்மன் திருவிழாவில் ஆடுகிற அர்ச்சுனன் தபசு, பதினெட்டாம் போர் போன்ற பழைய பிரதிகளிலும் அந்த வரி நீளம் அப்படித்தான் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து ஒரு அத்தியாயம் எழுதுங்கள். இப்படி வந்த வழியைத் திறந்து காட்டிவிட்டால், இன்னொருவர் அதே வழியில் நடந்து பார்த்து உங்களோடு சண்டை போடலாம். ஆராய்ச்சிக்கு அது போதும்.

நம் மண்ணிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. வாலாஜாவுக்குப் பக்கத்து வேலத்தில் வளர்ந்த மு.வ., சங்க இலக்கியத்தில் இயற்கையைப் பற்றி ஆராய்ந்து 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். நாவல் எழுதியதும் அவர்தான், திருக்குறளுக்குச் சட்டைப்பையில் வைக்கிற அளவில் தெளிவுரை எழுதியதும் அவர்தான். அவருடைய ஆராய்ச்சிப் புலமை அந்தத் தெளிவுரையின் ஒவ்வொரு சின்ன வாக்கியத்துக்குள்ளும் இருக்கிறது. அப்புறம், செங்கம் பக்கத்து நடுகற்களைக் காடு மேடெல்லாம் அலைந்து படியெடுத்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்து எடுத்தனூரில் ஒரு பல்லவர் காலத்துக் கல்லில் வீரனோடு ஒரு நாயும் நிற்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதாகக் கல்வெட்டு சொல்கிறது. யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து வாசித்ததால்தான் அந்த நாயின் பெயர் இன்று நமக்குத் தெரிகிறது.

வாணியம்பாடியிலிருந்து ஓர் இளம் விரிவுரையாளர்: "வருடத்துக்கு இரண்டு பேப்பர் காட்டச் சொல்கிறது நிர்வாகம். பணம் கொடுத்தால் பேப்பரே எழுதி, என் பெயரில் வெளியிட்டும் தருவதாக வாட்ஸாப்பில் ஆள் வருகிறார். சக ஆசிரியர்கள் செய்கிறார்கள். நான் மட்டும் ஏன் கஷ்டப்பட வேண்டும்?"

செய்யாதீர்கள். நாளை உங்கள் மாணவன் அந்தப் பேப்பரைப் பற்றிச் சந்தேகம் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? இப்படி வாங்கிய பேப்பரில் அடுத்தவர் எழுத்து எவ்வளவு இருக்கிறது என்றுகூட உங்களுக்குத் தெரியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி 10 சதவீதம் வரைதான் சலுகை. 60 சதவீதத்துக்கு மேல் போனால் ஆராய்ச்சி மாணவரின் பதிவே ரத்தாகும்.

உங்கள் நிர்வாகத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கைதான் வரும். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், கல்லூரியைச் சோதிக்கக் குழு வருகிறது என்று ஒரே மாதத்தில் துறைக்குப் பத்துப் பேப்பர் கேட்டார்கள், கொடுத்தோம். அதில் ஒன்றை எழுதினவன் நானும்தான், அதில் புதிதாக ஒன்றுமே இல்லை, இன்றுவரை அது எனக்கு உறுத்துகிறது. விதிகளே இப்போது மாறிவருகின்றன. தீசிஸ் கொடுக்கும் முன் பேப்பர் வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 நவம்பரில் மானியக் குழுவே எடுத்துவிட்டது. எந்த ஜர்னல் நல்லது என்று பட்டியல் போடுவதையும் 2025இல் நிறுத்திவிட்டது, இனி கல்லூரிதான் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதனால் உங்கள் முதல்வரிடம் போய், "இரண்டு வருடத்தில் ஒன்று, ஆனால் என் மாணவர்களோடு செய்த நிஜமான வேலை" என்று கேட்டுப் பாருங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் சின்னதாக ஒன்றைச் செய்து, அதையே உண்மையாக எழுதுங்கள்.

ஆற்காட்டிலிருந்து இளங்கலை மாணவர் ஒருவர்: "எங்கள் கல்லூரியில் நல்ல ஆய்வகம் கிடையாது. எங்களைப் போன்றவர்கள் ஆராய்ச்சி செய்ய முடியுமா தாத்தா?"

முடியும் கண்ணு. தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்து வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்பதும், ஆபத்து நிச்சயம் என்று நிரூபணமாகும் வரை காத்திருக்காமல் முன்னெச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பில்தான் நிலைநாட்டினார்கள். அதற்குள்ளே ஒரு எண் இருக்கிறது: தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போய்விட்டது என்று. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த ஆரம்பக் கணக்கு அது. ஒரு பல்கலைக்கழகத்து ஆட்கள் நிலத்தில் இறங்கி எடுத்த கணக்கு டெல்லி வரைக்கும் போய் நம் விவசாயிக்காகப் பேசியது.

நீங்கள் தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகம் இல்லை, நாலு பேர் சேர்ந்தால் போதும். பாலாற்றங்கரையில் ஒரே ஊரில் இருபது கிணறு தேர்ந்தெடுங்கள். மாதம் ஒருமுறை, முடிந்தவரை ஒரே தேதியில், தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, மீட்டர் என்ன காட்டுகிறது, அந்த வாரம் மழை பெய்ததா என்று மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். குடிநீரில் இந்தக் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. மீட்டருக்கு உப்பு மட்டும்தான் தெரியும், குரோமியம் தெரியாது, அதனால் மீட்டர் நல்ல எண் காட்டியது என்று யாரிடமும் "இந்தத் தண்ணீரைக் குடிக்கலாம்" என்று சொல்லிவிடாதீர்கள். சந்தேகமான கிணறு இருந்தால் அந்தத் தண்ணீரை மட்டும் நல்ல ஆய்வகத்துக்குக் கொடுங்கள். எண் தப்பாக விழுந்துவிட்டதாகத் தோன்றினால் அடிக்காதீர்கள், பக்கத்தில் மறுபடி அளந்து எழுதுங்கள். ஒரு வருடம் முடிந்ததும் எழுதியதை முதலில் அந்தக் கிணற்றுக்காரரிடம் காட்டுங்கள். "போன பங்குனியிலே மோட்டாரை இன்னும் இருபது அடி இறக்கினேன்" என்பது மாதிரி ஏதாவது சொல்வார், அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.