பழைய மரவேலை மெஷினை ஆன்லைன் விளம்பரம் பார்த்து வாங்கலாமா?

கேள்வி: வீட்டை ஒட்டிச் சின்னதாக ஒரு மரப் பட்டறை தொடங்கப் போகிறேன். புது மெஷின் விலை கட்டுப்படியாகவில்லை. ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்றவற்றில் வரும் விளம்பரங்களைப் பார்த்துப் பழைய மெஷின் வாங்கலாமா? எதை முதலில் வாங்குவது?

தாராளமாக வாங்கலாம். திண்டுக்கல்லில் என் பட்டறையில் இன்று ஓடும் ஐந்து மெஷின்களில் நான்கு இப்படி விளம்பரம் பார்த்து வாங்கியவைதான். ஆனால் முதன்முதலாக வாங்கிய மெஷின் அந்த நான்கில் இல்லை. அதைக் கடைசியில் எடைக்குப் போட்டேன். அங்கிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மெஷின் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான்.

அது 12 அங்குல சர்ஃபேஸ் பிளானர், அதாவது பலகையின் ஒரு முகத்தையும் விளிம்பையும் மட்டமாக இழைக்கும் மெஷின். விளம்பரப் படத்தில் பச்சை பெயிண்ட் பளபளத்தது. “நல்ல ரன்னிங் கண்டிஷன், அவசர விற்பனை” என்று போட்டிருந்தார்கள். நேரில் போனேன். விற்றவர் சுவிட்சைப் போட்டார், ஓடியது. ஒன்றரை அடித் துண்டு ஒன்றை விட்டுக் காட்டினார், இழைத்தது. 38,000 ரூபாய் கொடுத்து ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து நிலைக்கதவுக்காக ஆறடித் தேக்குச் சட்டத்தை இழைத்தபோது, எத்தனை தடவை விட்டாலும் நடுவில் வளைவு நின்றது. கத்தியை மாற்றினேன், மேசையை ஏற்றி இறக்கினேன், ஒன்றும் சரியாகவில்லை. கடைசியில் மேசைக்கு அடியில் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தால், பின்பக்க மேசை குறுக்கே விரிசல் விட்டு, வெல்டிங் வைத்து, மேலே பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருக்கிறது. வார்ப்பிரும்பில் வெல்டிங் வைத்தால் அந்தச் சூட்டிலேயே அது கோணிக்கொள்ளும். லேத் பட்டறையில் கேட்டதற்கு, மேசையைக் கழற்றித் திரும்ப மட்டம் பிடிக்கும் செலவுக்கு வேறு மெஷினே வாங்கலாம் என்றார்கள்.

அன்றிலிருந்து ஒரு மெஷினைப் பார்த்தால் என் மனம் அதன் உறுப்புகளை இரண்டாகப் பிரித்துவிடும். கடையில் கிடைப்பவை ஒரு பக்கம்: பேரிங், பெல்ட், மோட்டார், ஸ்டார்ட்டர், பிளேடு, கத்தி. கடையில் கிடைக்காதவை இன்னொரு பக்கம்: மேசை, பாடி, ஷாஃப்ட், கத்தி மாட்டும் கட்டர் பிளாக். விலை கொடுக்க வேண்டியது இந்த இரண்டாவது பக்கத்துக்கு மட்டும்தான். முதல் பக்கத்தில் எது போயிருந்தாலும் அது பேரம் பேச உதவும், அவ்வளவுதான்.

என் திக்னஸ் பிளானர், அதாவது பலகையை ஒரே கனத்துக்கு இழைக்கும் மெஷின், அப்படி வந்தது. “மோட்டார் எரிந்துவிட்டது, உள்ளபடியே விற்பனை” என்று விளம்பரம். இரண்டு மாதமாக யாரும் எடுக்கவில்லை. போய்ப் பார்த்தால் மேசையில் ஒரு கீறல் இல்லை, உருளைகள் புதுசு போல இருந்தன. புதுசு விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக வாங்கி, மோட்டாருக்குச் சில ஆயிரம் செலவழித்துக் காயில் கட்டினேன். எட்டு வருடமாக ஓடுகிறது. படத்தில் துருவும் தூசியும் தெரிகிற மெஷினை நான் விரும்பியே பார்ப்பேன். புதிதாகப் பெயிண்ட் அடித்ததைக் கண்டால் ஏன் அடித்தார்கள் என்று கேட்பேன்.

நேரில் போகும்போது ஒரு பை எடுத்துப் போங்கள். என் பையில் மூன்றடி இரும்பு ஸ்கேல், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), வெர்னியர் (கனத்தை நுணுக்கமாக அளக்கும் கருவி), டார்ச், நீளமான ஸ்க்ரூடிரைவர் இருக்கும். கூடவே என் பட்டறையிலிருந்து மூன்றடி நீளத்தில் இரண்டு பலகைகள். விற்பவர் கொடுக்கும் துண்டில் சோதித்து ஏமாந்தவன் நான்.

கிளம்புவதற்கு முன் ஃபோனில் ஒன்று சொல்லிவிடுங்கள்: “அண்ணே, நான் வர்றவரைக்கும் மெஷினை ஓட்டாதீங்க.” போனதும் மோட்டார் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் முன்பே ஓட்டியிருக்கிறார்கள். ஆறிக் கிடந்த மெஷினை முதலில் போடும்போது வரும் சத்தம்தான் உண்மையான சத்தம்.

சுவிட்சைப் போடுவதற்கு முன் பெல்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். ஷாஃப்ட்டைக் கையால் சுற்றினால் வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும், மணல் அரைப்பது போலக் கரகரக்கக் கூடாது. மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லேசான கரகரப்பு என்றால் பேரிங் மாற்றினால் போதும், அதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய். ஆனால் பேரிங் உட்காரும் இடமே தேய்ந்து ஷாஃப்ட் லொடலொடத்தால் விட்டுவிடுங்கள். பிறகு பெல்ட்டை மாட்டி ஓட்டி, நிறுத்தும்போது கவனமாகக் கேளுங்கள். சுவிட்சை அணைத்ததும் மோட்டார் இரைச்சல் அடங்கிவிடும், கட்டர் மட்டும் சுற்றிச் சுற்றி ஓயும். அந்தச் சில நொடிகளில் பேரிங் பேசும். ஸ்க்ரூடிரைவர் முனையைப் பேரிங்கைத் தாங்கும் கூட்டின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்தால் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

வார்ப்பிரும்பைப் பார்ப்பதற்கு நம் வீட்டுப் பெண்கள் பானை வாங்கும் முறையே போதும். சின்னச் சுத்தியலால் மேசையின் ஓரத்தில் மெல்லத் தட்டுங்கள். நல்ல வார்ப்பு கணீரென்று பேசும், விரிசல் விட்டது மங்கலாகக் கேட்கும். டார்ச்சை மேசைக்கு அடியில் பிடித்து, மேசையைத் தாங்கும் வரிகளான விலாக்கள் மேசையோடு சேரும் இடங்களைப் பாருங்கள். ஸ்கேலை நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து அடியில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். 0.1 மில்லிமீட்டர் தகடு நுழைந்தால் நான் கவலைப்படுவதில்லை. 0.3 நுழைந்தால் திரும்பி வந்துவிடுவேன்.

சர்ஃபேஸ் பிளானருக்கு இவை எல்லாவற்றையும்விட நல்ல சோதனை ஒன்று உண்டு. நீங்கள் கொண்டுபோன இரண்டு பலகைகளின் விளிம்பையும் இழைத்து, இழைத்த பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். மேசையில் கோணல் இருந்தால் இரண்டு பலகையிலும் அதே கோணல் விழும், சேர்த்துப் பார்க்கும்போது இரண்டு மடங்காகத் தெரியும். கீற்று வெளிச்சம் கூட வரவில்லை என்றால் அந்த மெஷினை நம்பலாம். திக்னஸ் பிளானரில் ஒரு பலகையை விட்டு, இரண்டு ஓரத்தையும் வெர்னியரில் அளந்தால் போதும். வட்ட ரம்பத்தில் ஒரு பலகையைக் குறுக்கே அறுத்து, ஒரு துண்டைக் குப்புறத் திருப்பிப் போட்டுச் சேர்த்துப் பார்த்தால் 90 டிகிரி வருகிறதா என்று தெரிந்துவிடும். பட்டை ரம்பத்தில் (இரண்டு சக்கரங்கள் மேல் நாடா போன்ற பிளேடு சுற்றும் ரம்பம்) மேல் சக்கரத்தைப் பிடித்து ஆட்டுங்கள், சக்கரத்தின் ரப்பரையும் பாருங்கள். ரப்பர் மாற்றக்கூடியதுதான்.

கரன்ட் விஷயத்தில் நிறையப் பேர் இடறுகிறார்கள். பட்டறைகளிலிருந்து வரும் பழைய மெஷின்களில் பெரும்பாலும் த்ரீ ஃபேஸ் மோட்டார் இருக்கும். உங்கள் வீட்டில் சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட் என்றால் மோட்டார் மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். வீட்டு மின் இணைப்பில் தொழில் நடத்தக் கூடாது, அதற்கான கட்டணப் பிரிவே வேறு. மின்வாரிய அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மோட்டார் தகட்டில் வேகத்தையும் பாருங்கள். நிமிடத்துக்கு 1440 சுற்று என்று இருந்த இடத்தில் யாராவது 2880 சுற்று மோட்டாரைப் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) மாற்றாமல் மாட்டியிருந்தால் கட்டர் இரட்டிப்பு வேகத்தில் சுற்றும். அது உயிருக்கே ஆபத்து.

ஆபத்து என்றதும் இரண்டு விஷயங்களைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மிகப் பழைய பிளானர்களில் கட்டர் பிளாக் சதுரமாக இருக்கும். கத்திக்கும் மேசைக்கும் நடுவில் பெரிய பள்ளம் வாய் திறந்து நிற்கும், கை தவறினால் விரல்கள் அதற்குள் போய்விடும். எங்கள் தெருவில் அப்படி மூன்று விரல் இழந்த தச்சர் ஒருவர் இருந்தார். சதுர பிளாக் உள்ளதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், உருளை வடிவ பிளாக் உள்ளதையே தேடுங்கள். அடுத்தது ஸ்டார்ட்டர். நிறையப் பேர் செலவை மிச்சம் பிடிக்க வெறும் சுவிட்சில் ஓட்டுவார்கள். கரன்ட் போய்த் திரும்பி வரும்போது மெஷின் தானே ஓடத் தொடங்கும். அந்த நேரத்தில் பிளேடைக் கழற்றிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். டிஓஎல் என்னும் பொத்தான் வைத்த ஸ்டார்ட்டரில் கரன்ட் போனால் தொடர்பு விட்டுவிடும், பச்சைப் பொத்தானைத் திரும்ப அழுத்தினால்தான் ஓடும். பழையதில் அது இல்லையென்றால் வந்த அன்றே வாங்கி மாட்டுங்கள்.

விளம்பரம் தேடும்போது பெயரை விதவிதமாகப் போட்டுத் தேடுங்கள். பிளானர், பிளேனர், இழைப்பு மெஷின், கார்பென்டர் மெஷின் என்று ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவார்கள். வட மாநிலத் தச்சர்கள் ‘ரந்தா மெஷின்’ என்பார்கள். தப்பும் தவறுமாக எழுதிய விளம்பரங்களில்தான் நல்ல மெஷின் கிடைத்திருக்கிறது, ஏனென்றால் அவை வியாபாரிகள் கண்ணில் படுவதில்லை. பெரிய கட்டை அறுக்கும் டிராலி பட்டை ரம்பம் மலிவாக வந்தால் ஆசைப்பட வேண்டாம். மரம் அறுக்கும் மில்லுக்கு வனத்துறை உரிமம் வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை என் விதி ஒன்றுதான்: மெஷின் ஓடி, என் பலகை இழைந்து, வண்டியில் ஏறும்போதுதான் முழுத் தொகை. “ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிவிட்டது, பாதிப் பணம் போடுங்கள், பார்சலில் அனுப்புகிறேன்” என்று வருவதெல்லாம் ராணுவத்தின் பெயரைச் சொல்லிச் செய்யும் ஏமாற்று. நீங்கள் விற்கும்போதும் கவனம் வேண்டும். பணம் உங்களுக்கு வருவதற்கு யூபிஐ பின் தேவையே இல்லை, பின் கேட்டால் பணம் போகப்போகிறது என்று அர்த்தம். தவறிப் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள்.

எதற்காக விற்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். பிளைவுட் வேலைக்கும் யூபிவிசி ஜன்னலுக்கும் ஊர் மாறிய பிறகு, கெட்டி மர வேலைக்கான நல்ல மெஷின்கள் எத்தனையோ பட்டறைகளில் சும்மா நிற்கின்றன. தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து “தச்சு மெஷின் விற்பனைக்கு” என்று ஒரே ஒரு மங்கலான படம் வந்தது. போனால் ஒரு அம்மா. வீட்டுக்காரர் காலமாகி ஒரு வருடம். மெஷின் மேல் சாக்கு போர்த்தி, மேசையில் எண்ணெய் தடவி வைத்திருந்தார். “அவர் தினமும் தடவுவார் தம்பி, நானும் விடல” என்றார். அவர் கேட்ட விலை எடைக்குப் போட்டால் கிடைப்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். எனக்குக் கை வரவில்லை. இதன் நடப்பு விலை என்ன என்று சொல்லி, என்னால் முடிந்த அளவு கூட்டிக் கொடுத்தேன். அவர் உள்ளே போய் வீட்டுக்காரரின் மூலைமட்டத்தையும் நான்கு உளிகளையும் கொண்டுவந்து கையில் கொடுத்தார். என் சர்ஃபேஸ் பிளானர் அதுதான். இன்றும் வாரம் ஒருமுறை மேசைக்கு எண்ணெய் தடவுகிறேன்.

கொண்டுவருவதும் ஒரு வேலைதான். குட்டி யானை வண்டி போதும், ஆனால் ஏற்றி இறக்க நான்கு ஆளும் ஒரு செயின் பிளாக்கும் (சங்கிலி இழுத்துப் பாரம் தூக்கும் கப்பி) வேண்டும். பிளானரை மேசையைப் பிடித்துத் தூக்க விடாதீர்கள், மட்டம் போய்விடும், பாடிக்கு அடியில் கயிறு கட்டித் தூக்குங்கள். ஒயரைக் கழற்றுவதற்கு முன் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எதை முதலில் என்று கேட்டிருந்தீர்கள். நான் என்றால் சர்ஃபேஸ் பிளானர்தான். ஒரு முகம் மட்டமாகாத பலகையை எந்த ரம்பத்தில் விட்டாலும் நேராக வராது. அடுத்து வட்ட ரம்பம், அதற்கப்புறம் திக்னஸ் பிளானர். பட்டை ரம்பத்துக்கு அவசரமே இல்லை, நல்லது கண்ணில் படும்வரை காத்திருக்கலாம்.